இசைத்தமிழ் வளர்த்த ஆபிரகாம் பண்டிதர்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

நம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் பிறந்த பெரியோர் யார் என்று கேட்டால் நாம் எல்லோரும் ஒரே குரலில் பூலித்தேவர் என்போம். நெற்கட்டும்செவல் நமக்குப் பக்கத்து ஊர். இன்னும் கொஞ்சம் யோசித்தால் எட்டயபுரத்துப் பாரதியார் நினைவுக்கு வருவார். ஆனால் சுரண்டைக்கு அப்பால், தென்காசி செல்லும் பாதையில், சாம்பவர் வடகரை என்று ஓர் ஊர் இருக்கிறது. பாட்டுக் கற்கத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தம் உழைப்பையும் பொருளையும் அள்ளிக் கொடுத்த ஒருவர் அவ்வூரில்தான் பிறந்தார். சென்ற ஆண்டு பாட்டு வகுப்பில் சேரும்வரை அவர் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவர்தாம் ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர்.

1859-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள் முத்துசாமி, அன்னம்மாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். தொடக்கக் கல்வி சுரண்டைப் பக்கத்திலேயே முடிந்தது. பின்னர் ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் சென்றார். தென்மாவட்டங்களுக்கு அப்போதுதான் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பவர் வடகரைப் பையன் ஒருவன் படிப்புக்காகத் திண்டுக்கல் போவது என்பது, இன்று நம் அண்ணன்மார் வெளிநாடு போவதைக் காட்டிலும் பெரிய செய்தியாக இருந்திருக்கும். பயிற்சி முடிந்தபின் திண்டுக்கல்லிலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார்.

எதைக் கண்டாலும் அது எப்படி இயங்குகிறது என்று பார்க்காமல் விடாத குணம் அவருக்கு. புகைப்படம் எடுப்பது அபூர்வமான கலையாக இருந்த அந்நாளில் அதையும் கற்றுக்கொண்டார். இசை மேல் எழுந்த ஆர்வமும் அப்படிப்பட்டதே. திண்டுக்கல்லில் சடையாண்டி என்னும் இசையாசிரியரிடம் முறைப்படி பாடம் கேட்டார், வயலினும் பயின்றார். பிற்காலத்தில் மேல்நாட்டு இசையையும், அதை ஐந்து கோடுகளின்மேல் எழுதும் முறையையும் தெரிந்துகொண்டார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திண்டுக்கல்லில் அவர் வாழ்ந்தது பதினைந்து வயதுக்குப் பிறகுதான். சங்கீதம் என்றால் ஐந்து வயதிலேயே உட்கார வைத்துவிட வேண்டும், பத்தாம் வகுப்புக்கு வந்தபின் சரளி வரிசையா என்று நம்மைக் கேலி செய்யும் அத்தைமார்களிடம் இந்த விவரத்தைச் சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன்.

சரளி வரிசை என்றேன். பாட்டு வகுப்பில் சேராத தோழியருக்காகச் சிறிது விளக்குகிறேன். முதல் நாள் பாட்டே கிடையாது. சுருதிப்பெட்டியின் ஒலியைக் கேட்டு, அதனோடு சேர்ந்து ‘ஸ’ என்ற ஒரே ஸ்வரத்தை மூச்சு உள்ளவரை பிடிக்க வேண்டும். கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பிடிப்பவர்களுக்குத்தான் அது எவ்வளவு வழுக்கும் என்று தெரியும். பிறகு ஸ ரி க ம ப த நி என்னும் ஏழு ஸ்வரங்களை ஏற்றியும் இறக்கியும் பாடுவது. கை ஆதி தாளம் போடும்: ஒரு தட்டு, மூன்று விரல், மீண்டும் ஒரு தட்டு, ஒரு வீச்சு, இன்னொரு தட்டு, இன்னொரு வீச்சு, ஆக எட்டு. முதலில் மெதுவாக, அடுத்து இரு மடங்கு வேகத்தில், அதற்கடுத்து நான்கு மடங்கு வேகத்தில். மூன்றாம் காலத்தில் வாய் ஓடும், கை நின்றுவிடும். கை ஓடினால் வாய் நின்றுவிடும்.

இவையெல்லாம் மாயாமாளவகௌளை என்னும் ராகத்தில் அமைந்தவை. கர்நாடக மாநிலத்துப் புரந்தரதாசர்தாம் (1484–1564) தொடக்கப் பாடங்களை இவ்வாறு வரிசைப்படுத்தித் தந்தவர் என்பது வழிவழியாக வரும் மரபு. ஏன் இந்த ராகம் என்றால், அதன் கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அளவில் வெட்டிய இரண்டு துண்டுகள் போன்றவை. ஸ-வுக்கும் ரி-க்கும் நடுவே சிறிய இடைவெளி. ரி-க்கும் க-வுக்கும் பெரியது. க-வுக்கும் ம-வுக்கும் மறுபடி சிறியது. ப-விலிருந்து மேலே போனாலும் இதே கதைதான். முதல் பாதி தொண்டையில் உட்கார்ந்துவிட்டால் மறுபாதி தானே வரும். சரளி வரிசைக்குப் பின் ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம். அதற்குப் பின்னர்தான் கீதம். நாம் ‘பாட்டு’ என்று சொல்லக்கூடியது அப்போதுதான் வருகிறது.

அந்தக் கீதத்தில்தான் தொல்லையும் வருகிறது. வழக்கமாகக் கற்பிக்கப்படும் கீதங்கள் கன்னடத்திலும் வடமொழியிலும் அமைந்தவை. அதற்கு மேலே வரும் ஸ்வரஜதி, வர்ணம், கிருதி ஆகியவற்றில் பெரும்பங்கு தெலுங்கில் இருக்கும. அழகான மொழிகள்தாம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாயில் நுழையாத சொல்லை உருப்போட்டுக்கொண்டே ஸ்வரத்தையும் தாளத்தையும் காப்பாற்றுவது இரட்டை வேலை. எங்கள் வகுப்பில் ஒருத்தி ஒரு கீதத்தை இரண்டு வாரம் பாடியபின்னர், இதற்கு அர்த்தம் என்ன என்று பக்கத்திலிருந்தவளிடம் மெல்லக் கேட்டாள். பக்கத்திலிருந்தவளுக்கும் தெரியவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு, அச்சிட்ட பாடப்புத்தகம் கைக்கு எட்டாத ஊர்களில், பிள்ளைகள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! இதைக் கண்டு சும்மா இராதவர் பண்டிதர்.

அதைச் செய்வதற்கு முன் அவர் வாழ்க்கை வேறு பல வழிகளில் சென்றது. மூலிகைகளிலும் சித்த மருத்துவத்திலும் நாட்டம் கொண்டு, 1877-ஆம் ஆண்டு வாக்கில் சுருளிமலைக்குச் சென்றார். இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ள மலை அது. அங்கே கருணானந்தர் என்னும் முனிவரைச் சந்தித்து அவரிடம் மருத்துவ முறைகளைக் கற்றார். அந்தக் குருவைப் பண்டிதர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. பின்னர் அவர் உண்டாக்கிய தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்று பெயர். எழுதிய நூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்று பெயர். குரு தந்தது மருந்து. சீடர் அதன் நன்றியை இசை நூலின் தலையில் எழுதி வைத்தார்.

1882-ஆம் ஆண்டு டிசம்பரில் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சாவூரில் குடியேறினர். அங்கே லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் பொன்னம்மாள் தலைமையாசிரியை. பண்டிதர் அதே பள்ளியில் தமிழாசிரியர். 1883-இல் மனைவி தலைமையாசிரியையாக இருந்த பள்ளியில் கணவர் ஆசிரியராக வேலை பார்த்தார் என்பதைப் படித்தபோது நான் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். பண்டிதரைப் பற்றிப் பேசுபவர்கள் அம்மையாரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மருந்து தயாரிக்கும் பணியிலும் கணவருக்குத் தோள் கொடுத்தவர் அவர்.

சில ஆண்டுகளில் பண்டிதர் ஆசிரியப் பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். அவருடைய கோரோசனை மாத்திரைகள் தமிழ்நாடெங்கும் பரவி, கடல் கடந்து இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலும் விலைபோயின. செல்வம் சேர்ந்தது. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கித் தோட்டம் அமைத்தார். ஊரார் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தனர். அங்கே விளைந்த கரும்பு கண்காட்சிகளில் பரிசு வாங்கியது. சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் ஆர்தர் லாலி அத்தோட்டத்தை நேரில் வந்து பார்வையிட்டார். 1909-ஆம் ஆண்டு ‘ராவ் சாகிப்’ பட்டம் கிடைத்தது. பண்டிதர் தாம் நிறுவிய அச்சகத்துக்கு லாலியின் பெயரையே வைத்தார்.

அந்நாளில் இவ்வளவு செல்வம் சேர்ந்த ஒருவர் மாளிகை கட்டியிருக்கலாம், கச்சேரி வைத்து வித்துவான்களுக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கலாம். பண்டிதர் முதலில் செய்தது தொடக்க மாணவர்களுக்கான ஒரு புத்தகம். 1907-ஆம் ஆண்டு ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ வெளிவந்தது. கீதம், ஸ்வரஜதி, கீர்த்தனை என்று கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு வேண்டிய உருப்படிகளைத் தமிழிலேயே தாமே இயற்றி, ஸ்வரக் குறிப்புகளுடன் அதில் சேர்த்தார். அவற்றுள் பல அவர் வணங்கிய இறைவனைப் போற்றுபவை.

இதன் அருமை சட்டென்று விளங்காது. பெரிய வித்துவானுக்குப் பாட்டு எழுதினால் புகழ் வரும். சபையில் அவர் பாடும்போது எழுதியவர் பெயரும் சொல்லப்படும். சரளி வரிசை முடித்த சிறுமிக்குக் கீதம் எழுதினால் யார் கைதட்டப் போகிறார்கள்? அதிலும் கீதம் எழுதுவது எளிதன்று. சங்கதிகளோ வளைவுகளோ இல்லாமல் ஓர் எழுத்துக்கு ஒரு ஸ்வரம் என்பதுபோல நேராக நடக்க வேண்டும். ராகத்தின் முகம் அதில் தெரிய வேண்டும். குழந்தையின் மூச்சுக்குள் ஒவ்வொரு வரியும் அடங்க வேண்டும். பெரிய ஆள் குனிந்து சின்னக் கதவில் நுழைவது போன்ற வேலை அது.

தஞ்சாவூரில் வாழ்ந்ததால் பெரிய வித்துவான்களின் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. அவர்களிடம் அவர் கேட்ட கேள்விகள் பல. அவற்றுள் முக்கியமானது சுருதியைப் பற்றியது. நம் ஆர்மோனியத்தைப் பாருங்கள். கீழ் ஸ-விலிருந்து மேல் ஸ-வுக்கு முன்புவரை வெள்ளைக் கட்டை ஏழு, கறுப்புக் கட்டை ஐந்து, ஆகப் பன்னிரண்டு. ஆனால் பாடுகிறவர் குரல் அந்தக் கட்டைகளுக்கு நடுவிலும் நுட்பமாக நிற்கிறதே, அப்படியானால் மொத்தம் எத்தனை இடங்கள்? வடமொழி நூல்களைப் பின்பற்றி 22 என்று சொல்லி வந்தனர். அந்தக் கணக்குச் சரிவரவில்லை என்பது பண்டிதரின் முடிவு.

விடையை அவர் தேடிச் சென்ற இடம் சிலப்பதிகாரம். அதில் ஆய்ச்சியர் குரவை என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆயர்பாடியில் ஏழு கன்னியர் வட்டமாக நின்று ஆடுகிறார்கள். அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு பெயர்கள் இடப்படுகின்றன. இவை ஏழும் ஏழு ஸ்வரங்களின் பழந்தமிழ்ப் பெயர்கள். தமிழ்ப் பாடத்தில் நாம் இதை மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிறோம். பண்டிதரோ அந்தப் பெண்கள் நிற்கும் வட்டத்தையும், அதற்குப் பழைய உரைகாரர்கள் சொன்ன விளக்கத்தையும் வைத்துக்கொண்டு, காகிதத்தில் கட்டம் போட்டுக் கணக்குச் செய்தார். ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்று பழந்தமிழர் இசையைப் பகுத்திருந்தனர் என்பது அவர் கண்ட முடிவு. இம்முடிவை ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. ஆனால் தமிழிசைக்குத் தமிழ் நூல்களுக்குள்ளேயே இலக்கணம் இருக்கிறது என்று அவர் காட்டியதை மறுத்தவர்களும் ஒதுக்கிவிட முடியவில்லை.

1911-ஆம் ஆண்டு பொன்னம்மாள் காலமானார். பின்னர் பாக்கியம்மாள் என்பவரைப் பண்டிதர் மறுமணம் செய்துகொண்டார். 1912-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் தஞ்சையில் முதல் இசை மாநாட்டைக் கூட்டினார். சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்பது அவர் தொடங்கிய அமைப்பின் பெயர். இப்படி ஏழு மாநாடுகள்! வந்த வித்துவான்களின் உணவு, உறைவிடம், பயணம் எல்லாம் பண்டிதர் கைச்செலவு. வழக்கமான கச்சேரிபோல் அல்லாமல், பாடிக்கொண்டே வாதம் செய்யும் சபைகளாக அவை அமைந்தன. ஒரு ராகத்தின் ஸ்வரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாடிக்காட்டி, வீணையில் வைத்துப் பார்த்து, பின் முடிவு செய்வார்களாம்.

1916-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. பரோடா மன்னரின் ஆதரவில், வடநாட்டு இசை அறிஞர் பாத்கண்டே முன்னின்று நடத்திய மாநாடு அது. இந்தியாவின் நாலா பக்கமிருந்தும் மேதைகள் வந்திருந்தனர். பண்டிதரும் அழைக்கப்பட்டிருந்தார். அவர் தம்முடன் தம் புதல்வியர் மரகதவல்லியையும் கனகவல்லியையும் அழைத்துச் சென்றார்.

இந்தச் செய்தியை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஆச்சிமார் சிறுமிகளாக இருந்த காலத்திலேயே, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கும்போது பெண்பிள்ளை வாய்க்குள் முணுமுணுத்துப் பாடினால் அதட்டுவார்களாம். எங்கள் ஆச்சி சொல்வார்கள், அவர்களுக்குத் தாலாட்டுப் பாடத்தான் அனுமதி, அதுவும் கல்யாணத்துக்குப் பிறகு. அதற்கும் ஒரு தலைமுறைக்கு முன்னால் நடந்தது இது. குடும்பப் பெண்கள் ஆடவர் நிறைந்த சபையில் பாடுவதைப் பலரும் இழுக்காகக் கருதிய காலம். தஞ்சாவூரிலிருந்து பரோடாவுக்கு நாட்கணக்கில் ரயில் பயணம். போய்ச் சேர்ந்த இடத்தில் மொழி தெரியாது. அமர்ந்திருப்பவர்களோ இசையே தொழிலாகக் கொண்ட மேதைகள்.

அந்தச் சபையில் தந்தையார் தம் கொள்கையை விளக்க, மகள்மார் இருவரும் வீணையும் வாய்ப்பாட்டுமாக அதை மெய்ப்பித்துக் காட்டினர். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் காதில் கேட்டால்தான் இசை அறிஞர்கள் ஒப்புவார்கள். ஒரு மயிரிழை தவறினாலும் தந்தையின் பல ஆண்டு உழைப்பு அங்கேயே கேலிப்பொருளாகியிருக்கும். எழுதப்பட்ட எண்ணைத் தொண்டையில் நிறுத்த வேண்டிய பொறுப்பு அந்தப் பெண்களுடையது. அவர்கள் நிறுத்தினார்கள். பண்டிதர் நினைத்திருந்தால் பெரிய பாகவதர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், தாம் வீட்டிலே பயிற்றுவித்த பிள்ளைகளை நம்பினார். பரோடா மாநாட்டைப் பற்றி எழுதுபவர்கள் சுருதிக் கணக்கைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த இரண்டு அக்காமாரும் எத்தனை விடியற்காலைகள் ‘ஸ’ பிடித்துப் பழகியிருப்பார்கள் என்பதைத்தான் தெரிந்துகொள்ள ஆசை.

அடுத்த ஆண்டு, 1917-இல், கருணாமிர்த சாகரம் முதற்புத்தகம் வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். எழுத்து அவருடையது, செலவு அவருடையது, அச்சிட்ட அச்சகமும் அவருடையது. அதைத் தூக்கிப் பார்த்தவர்கள் இரண்டு கைகளாலும் தூக்க வேண்டும் என்கிறார்கள். முழுவதையும் படித்தேன் என்று நான் சொல்லமாட்டேன். நம் வயதில் அது நடக்கிற காரியம் இல்லை. கணக்கும் அட்டவணையும் நிறைந்த பகுதிகளைப் பாட்டு ஆசிரியர் பக்கத்திலிருந்து விளக்கினாலே தலை சுற்றுகிறது. ஆனால் ஆய்ச்சியர் குரவையைப் பற்றிய பகுதியைத் தமிழ் படித்த எவரும் பொறுமையாகப் படித்தால் புரிந்துகொள்ளலாம்.

நூல் வெளிவந்த இரண்டே ஆண்டுகளில், 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், பண்டிதர் தஞ்சையில் காலமானார். அறுபது வயது நிறைந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அவர் உண்டாக்கிய கருணானந்தபுரம் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். தஞ்சாவூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே, தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்ற குரல் இயக்கமாக எழுந்தது. 1943-ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அந்த இயக்கத்துக்கு முன்னோடி என்று இன்று பண்டிதரைச் சொல்கிறார்கள். கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகம் 1946-இல் அச்சேறியது. அவர் மகன் வரகுண பாண்டியன், பழந்தமிழ்ப் பாணரின் யாழைப் பற்றி ஆராய்ந்து ‘பாணர் கைவழி’ என்னும் நூலை எழுதினார். மரகதவல்லியும் தந்தை விட்டுச்சென்ற இசைப்பணியில் ஈடுபட்டிருந்தார்.

எங்கள் பாட்டு வகுப்பு இப்போது அலங்காரத்தில் நிற்கிறது. ஏழு தாளங்களில் ஐந்து முடிந்துவிட்டன. அடுத்து வருவது கீதம். திரட்டிலிருந்து ஒரு தமிழ்க் கீதத்தையும் சொல்லித்தர வேண்டும் என்று நாங்கள் ஆறு பேர் கையெழுத்திட்டு ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறோம். அவர்கள் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.